மாப்பிள்ளைக்கு வாங்காத மோதிரம்

நகைக்கடையில் மாலை விற்கிறவளுக்குக் கால் வலிக்கும், காப்பு விற்கிறவளுக்குக் கை வலிக்கும், மோதிரம் விற்கிறவளுக்கு மட்டும் நெஞ்சு வலிக்கும். நான் களுவாஞ்சிகுடியில் ஒரு கடையில் மோதிரத் தட்டுக்குப் பின்னால் நிற்கிறவள். புடவைக் கடையோ செருப்புக் கடையோ, எங்கே நின்றாலும் "இதை விட நல்லதா ஒண்டும் இல்லையா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன என் சகோதரங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கட பக்கம் கலியாணத்துக்கு முதல் எழுத்து நடக்கும். பதிவாளர் வந்து கையெழுத்து வாங்குவார். அன்றைக்கே மாப்பிள்ளை பெண்ணுக்கும் பெண் மாப்பிள்ளைக்கும் மோதிரம் போடுவார்கள். அந்த மோதிரத்தை வாங்க வருகிறவர்கள்தான் என் சனம். திட்டவும் தோன்றும், சில நேரம் எழும்பி நின்று கும்பிடவும் தோன்றும்.

வலை முடிச்சு

பெண்ணின் விரல் அளவைச் சனம் என்னென்னத்தில் எல்லாம் கொண்டு வரும் தெரியுமா? ஈர்க்கை வளைத்துக் கொண்டு வருவார்கள், சோடாப் போத்தல் மூடியைக் கொண்டு வருவார்கள், "என்ட சின்ன விரலை விடக் கொஞ்சம் மொத்தம்" என்று தன் விரலையே நீட்டுவார்கள். பெரியகல்லாற்றிலிருந்து வந்த சசி என்ற பொடியன் சட்டைப் பையிலிருந்து ஒரு நைலோன் நூல் வளையத்தை எடுத்துத் தட்டில் வைத்தான். வலை பின்னுகிற நூல். மண்டூர்க் கோயில் திருவிழாவில் இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டப்போகிற தர்சினியின் விரலில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கழற்றினதாம். அப்படி ஒரு வட்டம், அப்படி ஒரு முடிச்சு! எங்கள் கடையில் அளவு பார்க்கிற வளையக் கொத்துக்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவில் செய்வது என்று கேட்டேன். "ஒரு பவுண்" என்றான். இந்தக் காலத்தில் பவுண் விலையைக் கேட்டால் ஆட்கள் தண்ணீர் கேட்பார்கள். இவன் கேட்கவில்லை. கடலுக்குப் போகிற போட்டின் எஞ்சினை விற்கப் போகிறானாம், ஆள் வந்து பார்த்தாச்சாம். எஞ்சின் இல்லாத போட் கரையில் கிடக்கிற பலகைதானே? "தம்பி, கால் பவுணிலயும் வடிவான மோதிரம் இரிக்கு, சோறு போடுற சாமானை விக்கலாமா?" என்று தட்டைத் தள்ளினேன். அவன் பார்க்கவேயில்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே போய்த்தான் குடியிருப்பான். அது அவன் மனதில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

"அவங்க ஒரு வீடு தாறாங்க அக்கா. நான் ஒரு விரலையாவது நிரப்ப வேணாமா?"

மூன்று மாதச் சம்பளம்

மோதிரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? நான் விற்கிறவள். நீங்கள் கூடச் செலவழித்தால் எனக்கு நல்லது.

சசி ஓடர் குடுத்துப் போன கிழமை, மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் மேசை வேலை செய்கிற ஒருவர் கட்டப்போகிற பிள்ளையோடு வந்தார். ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி, மூன்று மாதச் சம்பளத்தில் மோதிரம் வாங்க வேண்டும் என்று வெளிநாட்டில் ஒரு முறை இருக்கிறதென்று வாசித்துக் காட்டினார். வாசிக்க வாசிக்க அவருக்கே வேர்த்தது. பிள்ளை தட்டில் இருந்ததில் ஆக மெல்லிய மோதிரத்தை எடுத்து, விரலில் போட்டு, வெளிச்சத்தில் பார்த்து, "இது போதும்" என்றது. பிறகு அவர் பக்கம் கிறுகிக் கேட்டதே ஒரு கேள்வி, நான் வாயைப் பொத்திக்கொண்டு தட்டுக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

"நாலாம் மாசம் நமக்குச் சோறு உங்கட ஃபோன் ஆக்குமா?"

வெள்ளி மோதிரம்

காத்தான்குடியில் துணி வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார் மருமகனுக்கு மோதிரம் பார்க்க வந்தார். முஸ்லிம்களில் ஆண்கள் தங்கம் போடமாட்டார்கள், வெள்ளிதான். வெள்ளி என்றால் சுருக்காக முடிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! ஒவ்வொன்றையும் தன் விரலில் போட்டு, வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்து, திரும்பி வந்து, கல்லைத் தடவி, மறுபடி வாசலுக்கு. பகல் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது, என் வயிறு கத்தியது. ஒரு பவுண் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு பக்தியாகப் பார்த்து நான் கண்டதில்லை. "ஹாஜியார், எல்லாம் நல்ல வெள்ளிதான்" என்று மெல்ல அவசரப்படுத்தினேன். அந்த மனிசன் கோபிக்கவில்லை, சிரித்தார்.

"மோதிரம் வெள்ளிதான் புள்ள, மருமகன் தங்கமெல்லோ?"

தாயும் மகளும்

இனிச் சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இப்பவும் மெய் சிலிர்க்கிறது.

சசியின் மோதிரம் செய்து முடிகிற நேரம், வெல்லாவெளியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்காரி வயல் செய்கிற கனகம்மா. வெயில் குடித்த முகம், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற வாய். பெரியகல்லாற்று மாப்பிள்ளைக்கு மோதிரம் வேண்டும், ஒரு பவுணில் வேண்டும், இந்தப் போகம் நெல் விற்ற காசு இது என்று ஒரே மூச்சில் சொன்னா. மகள்தான் தர்சினி. எஞ்சின் கதையைச் சொல்லவா, விடவா? ஒரு வாடிக்கையாளர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் தர்மம். உள்ளுக்குள்ளே வெந்துகொண்டு, பாரமான மோதிரங்களை எடுத்து வைத்தேன்.

பிள்ளை ஒன்றையும் தொடவில்லை. "அம்மா, வலை இழுக்கிற கையில ஆர் மோதிரம் போடுறாங்க? கயிறு சிக்கினா விரலோட போயிரும். இது அலுமாரிக்குள்ளதான் கிடக்கும்" என்றது. கனகம்மா, "கிடக்கட்டும், சபையில போடத்தானே" என்றா. அப்போதுதான் பிள்ளைக்குக் கண் கலங்கியது. "அவருக்கு இப்ப கடலும் இல்லம்மா. எனக்கு மோதிரம் செய்ய எஞ்சினை வித்திட்டார். அவர்ட கூட்டாளி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"ஆர் அவருக்கிட்ட ஒரு பவுண் கேட்ட?"

"ஒருத்தரும் கேக்கல்ல. நாம வீடு குடுக்கிறமெண்டு அவர் வெக்கப்பட்டிட்டார்."

சசியின் மோதிரத்தைச் செய்யாமல் நிப்பாட்டவா என்று நானாகவே கேட்டுவிட்டேன். முதலாளி காதில் விழுந்திருந்தால் என்னைத்தான் நிப்பாட்டியிருப்பார். "வேணாம். அவர் ஆசையாப் போடுறதை அவர் போடட்டும். நாங்க போடுறதை நாங்க போடுவம்" என்று சொல்லி, கனகம்மா தட்டை என் பக்கம் தள்ளினா. காசு முடிச்சைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு மகளைப் பார்த்தா.

"எஞ்சினை வாங்கினவன் எந்த ஊரு?"

முதலாளி

ஒரு பவுண் வியாபாரம் வாசல் தாண்டிப் போனதைப் பார்த்து முதலாளி குதி குதியென்று குதித்தார். "நீ நகை விக்க வந்தியா, உபதேசம் பண்ண வந்தியா?" என்றார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனிசன் கதிரையில் இருந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லாப் பெட்டியைக் காரணமில்லாமல் திறந்து மூடினார். இருபது ரூபாய் குறைக்கச் சொன்னாலும் நெஞ்சைப் பிடிக்கிற ஆள் இவர். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை என் காதாலேயே நான் நம்பவில்லை.

"அந்தப் பொடியன்ட மோதிரத்துக்குச் செய்கூலி எடுக்காத. வெளிய சொல்லிராத, மறுகா எல்லாரும் எஞ்சினை வித்திட்டு வருவானுகள்."

எழுத்து

தர்சினி ஃபோனில் அழைத்தது, போகாமல் இருக்க முடியுமா? குருமண்வெளியில் பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். பாதை என்றால் எங்களுக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவைதான். மண்டூரில் இறங்கி பஸ் பிடித்து வெல்லாவெளி போய்ச் சேர, முற்றத்துப் பந்தலில் சனம் நிரம்பியிருந்தது. பதிவாளர் கையெழுத்து வாங்கினார். சசி மோதிரத்தை எடுத்துப் போட்டான்.

மோதிரம் சறுக்கிக்கொண்டு இறங்கி, விரலில் சுழன்றது! பெரிசு. பெண்டுகள் சிரித்தார்கள். நான் அந்த நூல் வளையத்துக்கு மயிர் இழை பிசகாமல் செய்வித்தது! சசியின் முகம் கறுத்துவிட்டது. "முடிச்சு இறுகுமே எண்டு கொஞ்சம் இளக்கி விட்டனான். வலைக்கு அப்பிடித்தான் விடுற" என்று முணுமுணுத்தான். அட கடவுளே, கை பழகின வேலையைக் கை விடுமா?

அடுத்தது மாப்பிள்ளைக்குப் பெண் மோதிரம் போட வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை இருந்தது, பழம் இருந்தது, மோதிரம் இல்லை. சனம் குசுகுசுத்தது. எழுத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் இல்லை என்றால் சும்மாவா? சசியின் மாமன்மார் எழும்பியே விட்டார்கள். தர்சினி அவன் கையைப் பிடித்துப் பந்தலின் மூலைக்குக் கூட்டிப்போனது. அங்கே ஒரு நீள வாங்குப் பலகையில் சீலை போர்த்தி எதுவோ இருந்தது. கனகம்மா சீலையை உருவினா.

எஞ்சின். அவன் விற்ற அதே எஞ்சின். சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மல்லிகை மாலை போட்டு, மாப்பிள்ளையை விட வடிவாக இருந்தது. வாங்கினவன் கல்முனைப் பக்கமாம், விற்ற விலைக்கு மேலே கேட்டானாம், கனகம்மா அவன் வாசலிலேயே இருந்து பேசி மீட்டுக்கொண்டு வந்திருக்கிறா. சசி அதன் மூடியில் கையை வைத்தான். ஒரு பக்கத்தில் பழைய கீறல் ஒன்று இருந்தது, அதை விரலால் தடவினான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னாலும் விம்மி விம்மி அழுதான். எழும்பி நின்ற மாமன்மார் அப்படியே நின்றார்கள். நானும் அழுதேன். இத்தனை காலமாக மோதிரம் விற்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

பந்தியில் சாப்பிடும்போது தர்சினியிடம், "கடைக்குக் கொண்டு வாங்க புள்ள, வெட்டிச் சிறிசாக்கித் தாறன்" என்றேன். பிள்ளை கையைத் திருப்பிக் காட்டியது. மோதிரப் பெட்டிக்குள் நான் வைத்துக் கொடுத்த அந்த வலை நூலை அவிழ்த்து, மோதிரத்தின் அடிப்பக்கத்தில் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. மோதிரம் விரலில் அசையாமல் நின்றது.

"வேணாம் அக்கா, இப்பிடியே கிடக்கட்டும். இறுக்கிப் பின்னின வலைதான் கெதியாக் கிழியுமாம், அவர்தான் சொன்னவர்."

மோதிரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று இனி யாராவது கேட்டால், முதலில் மாமியார் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லப் போகிறேன்.