டவர் குளித்த ஆயுத பூஜை

சாண எரிவாயுவில் கரியமில வாயு தாராளமாகக் கலந்திருக்கும். அது தானும் எரியாது, எரிகிறதையும் சோம்பேறியாக்கும். அதனால் வாயுவை ஓர் உயரமான டவருக்குள் கீழிருந்து ஏற்றி, மேலிருந்து அமீன் என்ற ரசாயனம் கலந்த தண்ணீரை வழிய விடுவோம். தண்ணீர் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். உத்தமபாளையம் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் இதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதுவும் தற்காலிகம்.

"தேவதானப்பட்டி ஹோட்டல்காரர் நம்ம கேஸ வாங்குனா நீ இரு ஆத்தா. இல்லைன்னா வேற எடம் பாத்துக்க" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஹோட்டல்காரர் நல்ல நாள் பார்த்து விஜயதசமியன்று வந்தார். கூடவே பரோட்டா மாஸ்டர். அடுப்பைப் பற்றவைத்தேன். தீ இரண்டு முறை விக்கியது. அப்புறம் பர்னர் ஓட்டைகள் வழியாக வெள்ளை நுரை பொங்கி வந்தது.

"என்னம்மா, அடுப்பு துணி தொவைக்குது?" என்றார் மாஸ்டர்.

விசாரித்தேன். முந்தின நாள் நான் விடுப்பு. ஆலையை நிறுத்தி, பூஜைக்காக எல்லாவற்றையும் கழுவியிருக்கிறார்கள். டவருக்குள் தண்ணீர் பரவி வழிவதற்காகக் கொட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் வளையங்களையும் விடவில்லை. சாக்குச் சாக்காக அள்ளி, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, சரியாக அலசாமல் திரும்பக் கொட்டிவிட்டார்கள். அமீனுக்குள் சோப்பு போனால் நுரைக்காமல் என்ன செய்யும்? முதலாளியே முன்னின்று செய்த திருப்பணி. ஆத்திரத்தோடு அவரிடமே போய்ச் சொன்னேன்.

முதலாளி வேறு காரணம் வைத்திருந்தார். "மோட்டாருக்குப் பழம் வச்சாக, தராசுக்கு வச்சாக, என் பைக்குக்கும் வச்சாக. டவருக்கு மட்டும் எலுமிச்சம்பழம் கட்டல. கண்ணு பட்டுருச்சு!"

அமீனை வடித்தேன். வளையங்களை வெறும் தண்ணீரில் கை மரத்துப் போகும்வரை அலசினேன். புது அமீன் ஊற்றினேன். முதலாளி தன் பங்குக்கு டவரில் ஒரு பழத்தைக் கட்டினார். ஹோட்டல்காரர் மறுபடி வந்தபோது நீலத் தீ சீறியது, பரோட்டா வெந்தது, பேரம் படிந்தது.

"பாத்தியா, பழத்தோட மகிமைய!" என்றார் முதலாளி. "வேலை உனக்குத்தான் ஆத்தா. வாராவாரம் பழத்த மட்டும் மாத்திப்புடு."

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த நான் வெள்ளிதோறும் ஏணியில் ஏறி மாற்றுகிறேன். சோப்புத் தூள் டப்பா என் மேசைக்குள் பூட்டி இருக்கிறது. சாவியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.