எரிச்சல் நின்றுபோன கண்

போலகம் சோமசேகரன் யாரையும் எளிதில் நம்பமாட்டார். கீழவாஞ்சூர் எடைமேடையில் பத்தொன்பது வருட வேலை. லாரி மேடையேறியதும் வெளியே வந்து, எடையைக் கூட்ட யாராவது உள்ளே ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டுப் போடுவார்.

நிலக்கரித் தூசியும் ஏசி காற்றும் கம்ப்யூட்டர் திரையும் சேர்ந்து அவர் கண்ணீரை வற்றவைத்துவிட்டன. ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை, ‘வெறும் தண்ணி’ என்று பாதியில் நிறுத்தினார். எரிச்சலில் தவித்த ஒரு நாள், லாரி டிரைவர் அலாவுதீன் லேபிள் கிழிந்த குப்பி ஒன்றைக் கொடுத்தார். அதை மட்டும் ஏனோ அவர் சந்தேகப்படவில்லை. ஊற்றியதுமே எரிச்சல் நின்றுவிட்டதே! தீரத் தீர அவரிடமே வாங்கி ஊற்றினார்.

நான்கு மாதம் கழித்து, மனைவி பங்கஜவல்லி அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, கண்ணுல கரித்தூள் ஒட்டியிருக்கு. உறுத்தலையா?”

உறுத்தவே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

காரைக்காலில் கண் டாக்டர் பிரதீபா, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் அவர் கருவிழியைத் தொட்டார். இமை அசையவில்லை. அவர் எடுத்து நீட்டிய குப்பியில் மிஞ்சியிருந்த எழுத்தைப் படித்ததும் டாக்டரின் முகம் மாறியது.

“இது ஆபரேஷனுக்குக் கண்ணை மரத்துப்போக வைக்கிற மருந்துங்க. கண்ணு காஞ்சா கண்ணீர் வேணும்னு சொல்றதே கருவிழி நரம்புதான். அதையே அடக்கிட்டீங்க. இப்ப புண்ணாகியிருக்கு. உங்க ரத்தத்துலேருந்து சீரம்ங்கிற தெளிஞ்ச நீரைப் பிரிச்சு சொட்டு மருந்தாத் தர்றோம். நரம்பு திரும்ப வளர உதவும்.”

“என் ரத்தத்த எடுத்து என் கண்ணுலயே ஊத்துறதா? யாருகிட்ட கதை விடுறீங்க?”

எழுந்து வந்துவிட்டார். இரண்டு நாள் பங்கஜவல்லி விடாமல் நச்சரித்த பிறகே திரும்பிப் போனார். வேறு யார் ரத்தமாவது மாறிவிடும் என்று, ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயின் லேபிளில் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வாரம் கண் பழையபடி எரிந்தது. ‘நெனச்சேன்’ என்று சண்டைக்குக் கிளம்பினார். டாக்டர் மறுபடி பஞ்சை எடுத்தார். தொட்டதும் இமை படக்கென்று மூடியது.

“புண்ணு ஆறிடுச்சு. நரம்பு முழிச்சிக்கிட்டு வருது. அதான் எரியுது.”

சோமசேகரனின் சந்தேகம் இப்போது அலாவுதீன் மேல் பாய்ந்தது. லாரியை நிறுத்திக் கேட்டார்.

“அத எனக்குக் குடுக்கச் சொன்னது யாரு?”

அலாவுதீன் திகைத்துப்போனார். சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒரு குப்பியை எடுத்தார். “யாரு சொல்லணும்ணே? நானும் இதத்தானே ஊத்துறேன்.”

சோமசேகரன் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு, அன்றே அவரைத் தன் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது அலாவுதீன் மெல்லக் கேட்டார்.

“ரத்தம் எடுப்பாங்களாமே? உங்களுக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் எதுவும் ஏற்பாடாண்ணே?”

சோமசேகரனுக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பெயர் கூப்பிடும்வரை அவர் கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அலாவுதீன் இரண்டு மாதம் லாரியைத் தொடவில்லை. பிறகு பார்வை தெளிந்து ஓட்டப் போனார். சோமசேகரனின் வலது கண்ணில் மட்டும் ஒரு தழும்பு தங்கிவிட்டது. அந்தக் கண்ணுக்கு எழுத்து கொஞ்சம் மங்கல்தான்.