பெரட்டில் நின்ற ஆமிக்காரன்

ஆமியிலிருந்து விலகி, போன வாரம்தான் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

இன்று காலை கொழுந்தெடுக்கும் பெண்களைப் பெரட்டு என்னும் வேலை பிரிக்கும் அணிவகுப்புக்குக் கூப்பிட சங்கு ஊதியது. தூக்கம் முழுதாகக் கலைவதற்குள் சப்பாத்து மாட்டி, நெஞ்சை நிமிர்த்தி, அவர்களோடு வரிசையில் நின்றுவிட்டேன்.

கூடையோடு பக்கத்தில் நின்ற என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஒங்கள யாரு வரச்சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. சங்கு ஊதுச்சு, வந்துட்டேன்."

"இங்க ஒங்களுக்கு வேல இல்ல. வீட்டுக்குப் போயி படுங்க."

இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியும் எனக்கு இப்படியொரு கட்டளை தந்ததில்லை. கங்காணிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போய், பத்து மணிவரை தூங்கினேன்.

ஆமியை விட்டு வந்தவர்கள் சொல்லுங்கள். நான் விலகிவிட்டேன், என் கையும் காலும் எப்போது விலகும்?