சோலார் தகட்டுக்கு உறை தைத்தவர்

புதுப் பொருள் எதைப் பார்த்தாலும் அந்த மனிதருக்குக் கை அரிக்கும். தப்பாக நினைத்துவிடாதீர்கள், திருட அல்ல, மூடி வைக்க. ஸ்கூட்டர், பிரிட்ஜ், தையல் மெஷின், சோபா என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அளவெடுத்து, ரெக்சினிலோ தார்ப்பாயிலோ உறை தைத்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. உறைக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். அவர் வீட்டு டிவி ரிமோட்டுக்குக்கூடச் சட்டை உண்டு. "கல்யாணம் ஆன புதுசுல எனக்கும் அளவெடுத்திருப்பார், நான் முறைச்சதால விட்டுட்டார்" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவள் டீச்சர். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதிலிருந்து பல வருஷமாக வீட்டோடு இருந்தாள். அந்தப் பகுதியில் மின்சாரம் என்பது அவசரமாக வந்த விருந்தாளி மாதிரி. வரும், உட்காரும், செருப்பைத் தேடும். அதனால் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் தெருக்கோடிக் காலிமனையில் ஒரு கன்டெய்னரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கப்பலில் சாமான் ஏற்றிப் போகிற இரும்புப் பெட்டிதான். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே பலகை அடித்து, பெஞ்சு போட்டு, கூரைமேல் சோலார் தகடுகளைப் பதித்திருந்தார்கள். விளக்கு, மின்விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் வெயிலிலேயே ஓடும். வகுப்பு நடத்த டீச்சரையே கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சில மாதம் பார்ப்பார்கள். சரியாக நடக்கவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

டீச்சருக்கு வயது பத்து குறைந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் தலைவாரும்போதே பாட்டு. உறைக்காரருக்கும் பெருமை தாங்கவில்லை. கூரைமேல் ஏறித் தகடுகளைத் துடைக்கிற வேலையைத் தானே வலியப் போய் வாங்கிக்கொண்டார்.

முதலில் எல்லாம் ஜோராக நடந்தது. பிறகுதான் பிடித்தது சனி. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும் விசிறி தள்ளாடும், கம்ப்யூட்டர் கண்ணை மூடும், இரும்புப் பெட்டிக்குள் அத்தனை பேரும் அவிந்துபோவார்கள். மெக்கானிக் ஒரு நாள் காலையில் வந்தார். தட்டினார், திருகினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கரண்டைப் பார்த்துச் செலவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் அந்தப் பேச்சை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் பாடத்தைக் குறைத்தாள். விளக்கே போடாமல் ஜன்னலோரம் நின்று பாடம் நடத்தினாள். அட்டையால் பிள்ளைகளுக்கு விசிறி விசிறிக் கை வீங்கியதுதான் மிச்சம். காலையில் பாட்டும் நின்றுபோயிற்று.

இந்நேரம் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மனுஷன் சும்மா இருப்பாரா? புதுத் தகடு, பளபளவென்று மின்னுகிறது, உச்சி வெயிலில் வறுபடுகிறது. அவருக்கு மனசு கேட்கவில்லை. அதோடு அவரிடம் ஒரு கணக்கும் இருந்தது. காலையிலிருந்து பட்ட வெயிலில் தகடு நிரம்பியிருக்கும். நிரம்பின தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்டால் வற்றாதா என்ன? நல்ல கெட்டித் தார்ப்பாயில் அளவு பிசகாமல் உறை தைத்து, தினமும் உச்சிப்பொழுதில் பின்பக்க ஏணி வழியாக ஏறி, இழுத்துக் கட்டிவிட்டு இறங்குவார். சாயங்காலம் அவிழ்த்து மடித்து வைப்பார். துடைக்கத்தான் ஏறுகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தாள். கீழிருந்து பார்த்தால் கூரை தெரியாது. அவள் படுகிற பாட்டைப் பார்க்கப் பார்க்க, நாம் இன்னும் சரியாக மூடவில்லையோ என்று அந்த அப்பாவி முடிச்சுகளை வேறு இறுக்கினார்.

ஒரு மத்தியானம் அறக்கட்டளை அம்மா பார்வையிட வந்தார். உறைக்காரர் அப்போதுதான் இறங்கி வந்து வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது. அந்த அம்மா பெட்டிக்குள் இருந்த மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களைக் குத்தம் சொல்லல டீச்சர். இந்த இடத்துக்கு வெயில் போதல போலிருக்கு. இன்னொரு ஊர்ல ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க."

டீச்சர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"இடத்து மேல குறை இல்லைங்கம்மா. எனக்குத்தான் பார்த்துச் செலவு பண்ணத் தெரியல. வேணும்னா என்னை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்க. வகுப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிடாதீங்க."

வாசலில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. அவளைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, அவளே சொல்லிக்கொள்ளவும் கூடாது. விடுவிடுவென்று உள்ளே வந்தார்.

"வெயில் போதலைன்னு யாரும்மா சொன்னது? காலையிலயே ரொம்பிடுது. ஒரு சொட்டு வீணாகக்கூடாதுன்னுதான் மத்தியானத்துல நான் உறை போட்டு மூடி வெக்கிறேன்."

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன போட்டு வெக்கிறீங்க?"

"உறை."

"ஐயா, அது தொட்டி இல்லை" என்றார் அறக்கட்டளை அம்மா. "அதுமேல வெயில் படற வரைக்கும்தான் கரண்டு வரும். பேட்டரியில சேர்றதும் அப்பதான்."

உறைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஏணிக்கு ஓடினார். அவரே போட்ட முடிச்சு, அவருக்கே அவிழவில்லை. இடுப்பில் இருந்த கத்தரியை எடுத்து, தான் தைத்ததைத் தானே குறுக்கே வெட்டி இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே விசிறி முனகியது, பிறகு சுற்றியது. பிள்ளைகள் போட்ட கூச்சல் கூரைவரைக்கும் கேட்டது. அறக்கட்டளை அம்மா சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"திட்டுறதா இருந்தா திட்டிடு. இப்படிப் பேசாம இருக்காதே."

"திட்டித் தீருமா இது?" என்றாள். வாயோரம் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. "நாளையிலேர்ந்து மத்தியானம் வகுப்புல வந்து உக்காருங்க. என் கண்ணு முன்னாடியே இருங்க. அதுதான் தண்டனை."

மறுநாள் கடைசிப் பெஞ்சில், சுற்றுகிற விசிறிக்குக் கீழே, முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பாடம் நடத்தி அவர் கேட்டதே இல்லை. கழித்தல் கணக்கு. கடன் வாங்கிக் கழிப்பதை அவள் ஒரு கதை மாதிரி சொன்னாள். தப்பாகச் சொன்ன பிள்ளையைக்கூடத் தட்டிக்கொடுத்துச் சரியான விடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பிள்ளையும் வேறெங்கும் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவளையா, என்னை மாத்திடுங்க என்று சொல்ல வைத்தோம் என்று நினைத்ததும் அவருக்குக் கண் தளும்பிவிட்டது.

பக்கத்தில் இருந்த சின்னப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காதோரம் சாய்ந்து, "அழாதீங்க மாமா. எனக்கும் முதல்ல புரியல. டீச்சர் மறுபடி சொல்லித் தருவாங்க" என்றாள்.