சூளையில் இருந்த என் முன்பல்

என் முன்பல் இரண்டும் பாதியாக உடைந்தது ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப் பள்ளத்தில் விழுந்தபோது. மகள் வயிற்றுப் பேத்திக்கு நிச்சயம் வைத்திருக்கும் நேரத்திலா விழ வேண்டும்? வீட்டில் மூத்தவள் நான். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்து, தனித்தனியாக "வாங்க" சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் பேச்சாகிவிடும். இந்த நீலசந்திரா ஏரியாவில் என்னைப் பொக்கை வாயோடு எவளும் பார்த்ததில்லை.

சின்ன மகன் பல் செய்யும் லேபில் இருக்கிறான். "நம்ம லேப்லயே போட்டுர்றேன்மா, நிச்சயத்துக்குள்ள ரெடி" என்றான்.

டாக்டரம்மா மிச்சப் பல்லைத் தேய்த்து அளவெடுத்தார். அதுவரைக்கும் என்று ஒட்டிய பிளாஸ்டிக் பல் மறுநாளே இட்லியோடு வந்துவிட்டது.

வெள்ளை மாவை அழுத்திக் கட்டியாக்கி, அதில் பல்லைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, மின்சாரச் சூளையில் வைப்பார்களாம். வெந்ததும் சுருங்கி அளவுக்கு வந்துவிடுமாம்.

வெள்ளிக்கிழமை கொண்டுவந்தான். மாட்டினால் தொளதொளவென்று ஆடுகிறது. நிறமோ சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு.

"என்னடா இது, சாக்பீஸ்ல செஞ்சியா?"

தலையைச் சொறிந்தான். "அர்ஜென்ட் ஆர்டர் ஒண்ணு சூளைக்குப் போச்சும்மா. அதோட உன்னுதையும் தள்ளிட்டேன். அந்த ஆர்டரோட கட்டி வேகமா வேகறதுக்குன்னே வர்றது. உன்னுது நிதானமா வேகணும். அவசரமா சூடேத்தினா பொடி ஒண்ணோட ஒண்ணு சரியா சேராது. நடுவுல கண்ணுக்குத் தெரியாத பொத்தல் நின்னுடும். வெளிச்சம் உள்ள போகாம திரும்பிடும், அதான் இந்த வெள்ளை. முழுசா சுருங்கவும் இல்ல, அதான் லூஸு."

"அப்ப இன்னும் ஜாஸ்தி சூடு வெச்சுத் தொலையேன்."

"ஜாஸ்தி வெச்சா அந்தப் பொடியெல்லாம் பெருசு பெருசா வளந்துடும். அப்புறம் முறுக்கு கடிச்சாலே விண்டுடும்."

"இவ்ளோ தெரிஞ்சவன் ஏண்டா தள்ளினே?"

"நம்ம வீட்டு வேலைதானேன்னு... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

அட்ஜஸ்ட்! ஊரார் பல்லுக்கு அதது கேட்கிற சூடு. பெற்றவள் பல்லுக்கு மிச்சமிருக்கிற மூலை.

சனிக்கிழமை புதிதாகக் கடைந்தான். அன்றும் யாரோ ஒருவர் வேலை முந்திக்கொண்டது. என் பல் சூளைக்குப் போகவே சாயங்காலம் ஆயிற்று.

ஞாயிறு காலை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போன் போட்டேன்.

"வெந்துடுச்சும்மா, ஆறணும். சூட்டோட திறந்தா விரிசல் விட்டுடும்."

"எப்போடா ஆறும்?"

"சும்னிரும்மா, சும்மா இரு. அது தானாத்தான் ஆறும்."

அதற்குள் வாசலில் கார் நின்றது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் "வாங்க" சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்த கையோடு கேட்டார்: "ஏம்மா, எங்களப் பிடிக்கலியா? ஒரு சிரிப்பக்கூடக் காணோமே."

தட்டை ஏந்தி நின்ற என் மகளின் முகம் வெளுத்துவிட்டது. வேறு வழியில்லை. முந்தானையை எடுத்தேன்.

"பல்லு சூளையில இருக்கு சம்மந்தி. ஆறினதும் சிரிக்கிறேன்."

அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கூடமே சிரித்தது. தட்டு மாற்றியாயிற்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு டப்பாவோடு வந்தான் மகன். மாட்டிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இருந்தது போல உட்கார்ந்தது. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"நாளைக்கு டாக்டரம்மா ஒட்டுவாங்க. இப்ப சிரிம்மா, பாக்கலாம்."

"யாரப் பாத்துடா? காலி நாற்காலியப் பாத்தா?"

அவனை முறைத்து, பல்லை நறநறவென்று கடித்தேன். விரிசல் விடவில்லை.