அக்கா வந்துபோன அறை

அக்கா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மார்பில் புற்றுநோய். தெரியவந்தபோது எலும்புவரை பரவிவிட்டது. நானும் மேமோகிராம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். தள்ளிப்போட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து தி.நகர் ஸ்கேன் சென்டருக்குப் போனேன்.

உள்ளறையில் ஜன்னல் கிடையாது. ஏசிக் குளிர். ரவிக்கையைக் கழற்றிவிட்டு, கொடுத்த பச்சை அங்கியோடு நின்றேன். எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் கதவைத் திறந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“எங்கம்மா போய்ட்டீங்க?” என்றாள் மெதுவாக. “எத்தினி நாள் உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

நான் அங்கே வருவது அதுதான் முதல் தடவை என்றேன். அவள் நம்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் நின்றேனாம். கட்டி இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் சொல்லிவிட்டு, ஃபிலிம் வாங்கிக்கொள்ள நாளைக்கே வருகிறேன் என்று படியிறங்கினவள் திரும்ப வரவேயில்லையாம். சொல்லிக்கொண்டே என் கழுத்தில் ஒரு மச்சத்தைத் தேடினாள். எனக்கு மச்சம் இல்லை. அக்காவுக்கு உண்டு.

“அது எங்க அக்கா. இப்போ இல்ல,” என்றேன்.

அவள் என்னை மெஷின் முன்னால் நிறுத்தினாள். சில்லென்ற தட்டின்மேல் மார்பை வைத்து, இன்னொரு தட்டை இறக்கி அழுத்தினாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். என் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. திரும்ப முடியாதபடி மெஷின் என்னைப் பிடித்திருந்தது.

இடது மார்பில் சின்னதாக ஏதோ தெரிகிறது, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். நேரே அடையாறுக்கு, அக்காவின் கணவர் அத்திம்பேர் வீட்டுக்குப் போனேன். அக்கா அங்கே போனதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரிந்தது.

“அது பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம்,” என்றார். “ஒருநாள் மழையில நனைஞ்சுண்டு வந்தா. ஏன் இவ்ளோ நாழின்னேன். பொடவைக் கடையில கூட்டம்னா.”

ஊசியால் சதை எடுத்த அன்று அவரும் கூட வந்தார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். கட்டியை எடுத்து, கதிர்சிகிச்சை கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன்.

அக்கா பெண்ணையும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அவள் அம்மா எல்லாம் தெரிந்தேதான் அந்தக் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் நானும் அத்திம்பேரும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.