ஐஸ் பெட்டிக்கு ஒரு பிளக்

கல்யாணம், பால்காய்ப்பு, அடக்கம் எல்லாம் எடுத்து நடத்துகிறவன் நான். இன்று காலை காரோடு ஊரில் ஒரு வீட்டுக்கு இடம் பார்க்கப் போனேன்.

அந்த வீட்டு அப்பாவை இனி காப்பாற்ற முடியாது என்று டாக்டர் கைவிட்டுவிட்டார். துபாயிலிருந்து லீவில் வந்த மகன் அடக்கத்துக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். பந்தல், பாட்டுக்குழு, வர முடியாதவர்களுக்கு யூடியூப் லைவ்.

மகளும் நானும் ஹாலில் ஐஸ் பெட்டி வைக்க இடம் அளந்துகொண்டிருந்தோம். பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஆராக்கும் மக்கா வந்திருக்கது?"

"கரண்டு வேலைக்கு வந்த ஆளாக்கும் அப்பா" என்றார் மகள்.

அப்பா மறுபடியும் குரல் கொடுத்தார்.

"ஜன்னல் பக்கத்து பிளக்குல குத்தாண்டாம்னு சொல்லு. அது லோடு தாங்காது. உனக்க அம்மைய பெட்டியில வச்சப்ப அடுத்த வீட்டுல இருந்தாக்கும் வயர் இழுத்தது."

மகள் அடுக்களைக்குள் போய்விட்டார். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

காரோடு பக்கம் நல்ல எலக்ட்ரீஷியன் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவசரமில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மகனின் லீவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.